மாலே விமான நிலையம்: பொழுது சாய்வதற்குள் போய் இறங்குங்கள்

மாலத்தீவுக்குப் போகிறவர்கள் ரிசார்ட்டைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், விமான டிக்கெட்டை மட்டும் எது விலை குறைவோ அதைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதுதான் முதல் நாளையே தீர்மானிக்கிறது. சீபிளேனில், அதாவது கடல் தண்ணீரிலேயே ஏறி இறங்கும் சின்ன விமானத்தில், போக வேண்டிய ரிசார்ட் என்றால் மதியத்துக்குள் மாலேயில் இறங்கிவிடுங்கள், ஏனென்றால் சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும்.

வேலானா சர்வதேச விமான நிலையம் என்று பெயர். தலைநகர் மாலேயில் இல்லை, பக்கத்தில் ஹுல்ஹுலே என்ற தீவில் இருக்கிறது. தீவே கிட்டத்தட்ட ஓடுபாதைதான். இறங்கும்போது ஜன்னலில் கடைசி நொடி வரை தண்ணீர் மட்டுமே தெரியும், பக்கத்து இருக்கைக்காரர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். 1960இல் இரும்புத் தகடுகளைப் பதித்து ஒரு சின்ன ஓடுபாதை போட்டார்களாம், 1966இல் தார் ஓடுபாதை வந்தது, முதல் ரிசார்ட் திறந்தது 1972இல்தான். இப்போதிருக்கும் புது ஓடுபாதை 3,400 மீட்டர் நீளம்.

விசா, அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கிறது. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை நிரப்பிவிடுங்கள், அதற்கும் கட்டணம் கிடையாது. சுங்கத்தில்தான் கவனம் வேண்டும். மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை இருக்கிறது, நம்மில் பலர் பையில் ஒரு சின்னப் பிள்ளையாரை எப்போதும் வைத்திருப்போம் இல்லையா, அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

வெளியே வந்தால் வரிசையாக ரிசார்ட் கவுன்ட்டர்கள், பலகையோடு நிற்கும் ஊழியர்கள், சில அடி தள்ளிப் படகுத்துறை. கார் நிறுத்துமிடம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பீட்போட்கள் கட்டிக் கிடக்கின்றன! இந்த ஒரு காட்சிக்காகவே எனக்கு இந்த நிலையத்தை அவ்வளவு பிடித்துப்போனது. கிட்டத்து ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள் பெட்டியைக் கொடுத்துவிட்டு அப்படியே படகில் ஏறிவிடலாம், இரவானாலும் கவலையில்லை.

எங்களுடையது தூரத்துத் தீவு. ஒரு பேருந்தில் ஏற்றி ஓடுபாதையைச் சுற்றி சீபிளேன் முனையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெட்டிகளை எடை போடுகிறார்கள், பொதுவாக 20 கிலோ, கைப்பை 5 கிலோ, மிஞ்சினால் தனியாகக் காசு கட்ட வேண்டும். இருக்கை எண் எதுவும் கிடையாது, முதலில் ஏறுகிறவருக்கு நல்ல ஜன்னல். விமானம் ட்வின் ஆட்டர் என்ற ரகம், சுமார் 15 பேர் உட்காரலாம். விமானி அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக ஏறி உட்கார்ந்தார், மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே ஏசி இல்லை, சத்தம் காதைப் பிளக்கிறது. ஆனால் மேலே போனதும் கீழே பவளத் திட்டுகள் வளையம் வளையமாக, நடுவில் வெளிர்நீலம், விளிம்பு தாண்டினால் சட்டென்று கருநீலம். அந்த அரை மணி நேரம் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பும்போதும் இதே கணக்குதான். இரவு விமானம் என்றாலும் சீபிளேன் உங்களைப் பகலிலேயே மாலேயில் விட்டுவிடும், நேரம் முந்தின நாள் மாலைதான் உறுதியாகும். நாங்கள் அப்படிக் காத்திருந்த சாயங்காலத்தில் கவுன்ட்டர் பக்கம் ஒரு புதுமணத் தம்பதி நின்றிருந்தார்கள், அவர்கள் வந்த விமானம் தாமதமாகி, கடைசி சீபிளேன் போய்விட்டது. அன்றைய ரிசார்ட் வாடகையும் போய், பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் ஓர் அறைக்கும் காசு கொடுக்க வேண்டிய நிலை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. டிக்கெட் போடும் நேரத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காத்திருக்கும் நேரம் நீளமாக இருந்தால் நிலையத்திலேயே அடைந்து கிடக்காதீர்கள். பெட்டிகளைப் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டு படகில் ஏறினால் பத்து நிமிடத்தில் மாலே. 2018இல் பாலமும் வந்துவிட்டதால் சாலை வழியாகவும் போகலாம். பிற்பகலில் மீன் சந்தைக்குப் போங்கள், படகுகள் வந்து சேரும் நேரம், ஆள் உயரச் சூரையை இரண்டே நிமிடத்தில் முள் நீக்கித் துண்டு போடுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே நிற்கலாம்.