ஒரே கீபோர்டு, ரெண்டு வடிவம் - மே மாசக் குறிப்புகள்

மே 4, ஞாயிறு

நண்பன் ஊருக்குப் போறான், அவனோட கோர்க் எம்எஸ்-20 மினி சிந்தசைசர் (கரண்ட்லயே சத்தத்தை உருவாக்கற கீபோர்டு) இந்த மாசம் முழுக்க என் டேபிள்லதான். சிந்தசைசர்னா ஹார்டுவேரா சாஃப்ட்வேரான்னு பேச ஆரம்பிச்சா எல்லாரும் ஒரு பக்கம் மினிமூக்ங்கற பழைய மெஷினை வைக்கிறாங்க இன்னொரு பக்கம் சீரம்ங்கற சாஃப்ட்வேரை வைக்கிறாங்க, ரெண்டும் வேற வேற வாத்தியம், அதுல எதைன்னு தெரிஞ்சுக்கறது. எம்எஸ்-20ல அந்த வம்பே இல்ல. ஒரிஜினல் 1978ல வந்துச்சு, 2004ல கோர்க்கே அதை ப்ளக்இன்னா, அதாவது கம்ப்யூட்டர்ல ஓடற சாஃப்ட்வேரா போட்டாங்க, அதுக்கும் அப்புறம் 2013லதான் நிஜமான அனலாக் சர்க்யூட்டோட இந்த மினி வந்துச்சு. ப்ளக்இன் என்கிட்ட ரொம்ப நாளா இருக்கு. ஒரே கம்பெனி, ஒரே டிசைன், பக்கத்துல பக்கத்துல வச்சு கேட்டுடலாம்.

மே 6, செவ்வாய்

ரெண்டையும் ஒரே வால்யூமுக்கு கொண்டு வந்துட்டுதான் கேக்க ஆரம்பிச்சேன். இது ரொம்ப முக்கியம், கொஞ்சம் சத்தமா இருக்கறதுதான் காதுக்கு எப்பவுமே நல்லா இருக்கற மாதிரி தோணும். சாதாரண சாதூத் வேவ் (ரம்பப் பல் மாதிரி அலை) பேஸ், ட்ரம்ஸ் கூட ஓடும்போது எது எதுன்னு எனக்குப் பிடிபடல.

ஆனா சத்தத்துல ஒரு பகுதியை வெட்டற ஃபில்டர்ல பீக் நாபை முக்கால்வாசிக்கு மேல தூக்கிட்டு, எங்க வெட்டணும்னு சொல்ற கட்ஆஃபை கையால மெதுவா திருப்பினா கதை மாறுது, மினி அங்க கத்துது, ஃபில்டர் தானா ஒரு ஸ்வரம் பிடிச்சு விசிலடிக்குது, நடுவுல ஒரு இடத்துல உடைஞ்சு கரகரன்னு வந்து மறுபடி சேருது. ப்ளக்இன்னும் கத்துது, ஆனா அது உடையற விதம் எனக்கு கொஞ்சம் மழுங்கலா கேக்குது. அப்புறம் அந்தப் பழைய வித்தை, ஹெட்போன் அவுட்ல இருந்து ஒரு வயரை எடுத்து அதே மெஷினோட எக்ஸ்டர்னல் இன்புட்ல குத்தி லெவலை ஏத்தறது. சத்தம் திரும்பத் திரும்ப உள்ளேயே போய் கொழுத்துட்டு வருது. ராத்திரி சாப்பாட்டுக்கு கூப்பிட்டதே காதுல விழல.

மே 10, சனி

கத்திரி வெயில். ஏசி போட்டதும் மினில ஸ்வரத்தை உருவாக்கற ரெண்டு ஆசிலேட்டரும் ஒண்ணோட ஒண்ணு ஸ்ருதி விலகுது, ரூம் குளிர்ந்து நிலைச்சதுக்கு அப்புறம் மறுபடி ட்யூன் பண்ணணும். அனலாக் ஆசிலேட்டருக்கு சூடு மாறினா பிட்ச் மாறும், அது குறை இல்ல, அதோட சுபாவம். தம்புரா போட்டுட்டு வாசிக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம். ப்ளக்இன்ல இந்தக் கவலையே கிடையாது.

மே 13, செவ்வாய்

இன்னைக்குத்தான் எனக்கு வேண்டிய கேள்விக்கே வந்தேன். கமகம், ஸ்வரத்தை அசைச்சு வழுக்கி வாசிக்கறது.

தோடி காந்தாரத்தை எடுத்துக்குங்க, அது நிக்கற ஸ்வரமே இல்ல, ரிக்கும் மவுக்கும் நடுவுல ஆடிட்டே இருக்கும். காந்தாரத்துல விரலை வச்சா மேல மத்யமம் ரெண்டு செமிடோன் (ஒரு செமிடோன்னா அடுத்த கட்டைக்கு இருக்கற தூரம்), கீழ ரிஷபமும் ரெண்டு செமிடோன், பெரும்பாலான கீபோர்டுல ஸ்வரத்தை வளைக்கற சக்கரம், அதாவது பிட்ச் பெண்ட், முதல்லயே ரெண்டு செமிடோன்னுதான் இருக்கும், சரியா பொருந்துது. ஆனா ஒரு முழு ஸ்தாயிக்கு ஜாரு, அதாவது வழுக்கிட்டு, போகணும்னா பெண்டை பன்னெண்டு செமிடோனுக்கு மாத்தணும், அங்கதான் சிக்கல். மிடில (கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கற மொழி) பிட்ச் பெண்டுக்கு 16,384 படி உண்டு, ஆனா கம்ப்யூட்டரோட சேர்க்கற விலை கம்மியான கன்ட்ரோலர் கீபோர்டு பலதுல சக்கரம் அவ்வளவு நுணுக்கமா அனுப்பறதில்ல. 128 படிதான் வருதுன்னா மேலயும் கீழயும் சேர்த்து 24 செமிடோனை அதுக்குள்ள பங்கு போடணும், ஒரு படிக்கு கிட்டத்தட்ட 19 சென்ட், அதாவது ஒரு செமிடோன்ல அஞ்சுல ஒரு பங்கு. ஜாரு வழுக்கிட்டு போகாது, படிக்கட்டு மாதிரி இறங்கும்.

மினில சக்கரத்துல இருந்து ஒரு வயரை எடுத்து பிட்ச்சுக்கு குத்திட்டா வோல்டேஜ் நேரா போகுது, படியே இல்ல. காந்தாரத்தை அசைச்சுப் பார்த்தேன், கை எங்க நிறுத்துதோ அங்க ஸ்வரம் நிக்குது. ரொம்ப நேரம் அதையே வாசிச்சுட்டு இருந்தேன்.

இன்னொண்ணு லேட்டன்சி, கட்டையை அழுத்தினதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல ஆகற தாமதம். ப்ராஜெக்ட்ல ட்ராக் நிறைய ஏறிடுச்சுன்னா பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேர்த்து வச்சு அனுப்பற சத்தத் துண்டு) 512 சாம்பிள்ல வச்சாத்தான் கம்ப்யூட்டர் திணறாம ஓடும், 44.1 கிலோஹெர்ட்ஸ்ல அது 11.6 மில்லிசெகண்ட், இன்டர்ஃபேஸ், டிரைவர் எடுத்துக்கறது தனி. 128ன்னா 2.9 தான். கார்டு பிடிக்கறப்போ தெரியாது, வேகமா பிருகா போடறப்போ கை முன்னாடி போகுது சத்தம் பின்னாடி வருது.

மே 18, ஞாயிறு

மினில சேவ் பண்ற வசதி கிடையாது. கிடைச்ச டோனை அப்படியே ஆடியோவா ரெக்கார்ட் பண்ணிடணும், நாப் திருப்பினது மிடிலயும் போகாது. செட்டிங்கை போன்ல போட்டோ எடுத்து வச்சுட்டு அடுத்த நாள் பார்த்து பார்த்து திருப்பினாலும் கிட்டத்தட்டத்தான் வரும். இது எனக்குப் பிடிச்சிருக்கு. ப்ளக்இன்ல போட்ட லீடை (முன்னாடி நிக்கற மெட்டு) வாரக்கணக்கா தோண்டிட்டு இருக்கலாம், இங்க எடுத்த டேக் எடுத்ததுதான், பாட்டு நகருது.

மே 24, சனி

டிஎக்ஸ்7 பத்தி ஒரு தம்பி கேட்டான், வாங்கலாமான்னு. 1983ல வந்த அந்த யமஹா சிந்தசைசரே டிஜிட்டல்தான், ஆபரேட்டர்னு சொல்ற ஆறு அலையை 32 விதமா கோர்த்து, ஒண்ணால இன்னொண்ணை ஆட்டற எஃப்எம் கணக்கு போடற ஒரு கம்ப்யூட்டர், கணக்கு ஜான் சௌனிங் ஸ்டான்ஃபோர்டுல கண்டுபிடிச்சது. நாபே கிடையாது, டோன் மாத்த ஒரு ஸ்லைடரும் பட்டனும் குட்டி டிஸ்ப்ளேவும்தான், அதுல டோன் பண்றதை விட டெக்ஸெட்ங்கற ப்ளக்இன்ல மவுஸ் வச்சு பண்றது எவ்வளவோ மேல், அதுவும் இலவசம், பழைய டிஎக்ஸ்7 பேட்ச் (டோன் செட்டிங்) ஃபைலும் அப்படியே ஏறும். அதோட எலக்ட்ரிக் பியானோ டோனுக்காகன்னா காசு செலவு பண்ணாதடான்னு சொன்னேன்.

மெஷினா சாஃப்ட்வேரா, எது ரொம்ப நாள் உழைக்கும்னும் கேட்டான். ரெண்டுமே சாகும். ஜூனோ-106ங்கற பழைய சிந்தசைசர்ல வாய்ஸ் சிப் போயிட்டா சரி பண்ண ஆள் தேடணும், மேக்ல 2019ல கேட்டலினாங்கற புது ஓஎஸ் வந்தப்போ 32 பிட் ப்ளக்இன் எல்லாம் ஒரே நாள்ல ஓடாம போச்சு. மெஷினையாவது சால்டரிங் அயனை வச்சு காப்பாத்த ஒரு வழி இருக்கு.

மே 31, சனி

நாளைக்கு நண்பன் வந்து எடுத்துட்டுப் போயிடுவான். நான் எம்எஸ்-20 வாங்கல. இந்த மாசம் எனக்கு வித்தியாசமா பட்டதுல பாதிக்கு மேல கைக்கும் சத்தத்துக்கும் நடுவுல இருந்த சமாச்சாரம், சக்கரம் எவ்வளவு நுணுக்கம், பஃபர் எவ்வளவு. அதனால காசு நல்ல கன்ட்ரோலருக்குத்தான் போகுது. ரஹ்மான் மேடையில தனித்தனி கட்டை இல்லாத ஹேக்கன் கன்டினுவம் வாசிக்கறதைப் பார்த்திருப்பீங்க, விரலை தேய்ச்சு தேய்ச்சு, அந்த அளவுக்கு என்னால முடியாது, ஆனா 2018ல எம்பிஇங்கற மிடி முறை ஸ்டாண்டர்டா ஆனதுக்கு அப்புறம் ஒவ்வொரு விரலுக்கும் தனி பெண்ட் தர்ற சின்ன கீபோர்டு எல்லாம் வருது, சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல்னு ரெண்டு ப்ளக்இன்னுமே அதை ஏத்துக்கும், சர்ஜ் முழுக்க இலவசம், வைட்டல்லயும் இலவச வெர்ஷன் இருக்கு. லீடை முதல்லயே, ட்ராக் ஏறாதப்போ, பஃபர் 128ல வச்சு எடுத்து ஆடியோவா மாத்திடணும், கார்டு எல்லாம் அப்புறம்.

அந்த ஹெட்போன் வயர் சத்தத்தை மட்டும் விட மனசில்ல. இன்னைக்கு ராத்திரி உக்காந்து வேற வேற ஸ்வரத்துல, வேற வேற பீக்ல நீளமா ரெக்கார்ட் பண்ணி சாம்பிளர்ல (ரெக்கார்ட் பண்ணதை கீபோர்டுல வாசிக்க வைக்கற கருவி) போட்டுக்கப் போறேன்.