நடுக்கம் எல்லாம் குளிரால் வருவதில்லை: நீலகிரி கிளைச் சிறைகளில் பயிற்சி தருவது எப்படி

உளவியல் படித்துவிட்டுச் சிறைப் பணிக்கு வர நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது பாலிகிராஃப் எனும் பொய் கண்டறியும் சோதனை பற்றித்தான். அந்த ஆசையை ஓரமாக வையுங்கள். சம்மதமில்லாமல் அதைச் செய்யக்கூடாது என்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. இந்த மலையில் எங்கள் வேலையில் பெரும்பங்கு சிறைக் காவலர்களுக்குப் பயிற்சி தருவது.

மருத்துவ உளவியலாளராக நோயை நிர்ணயிக்க இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. நன்னடத்தை அலுவலராக (புரொபேஷன் ஆபீசர்) வர டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் அத்துப்படியாக இருக்கட்டும்.

பயிற்சியைக் கோட்பாட்டில் தொடங்கினால் டீ வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். சாராயத்தில் தொடங்குங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். தினமும் குடித்தவருக்குக் குடி திடீரென நின்றால், கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில் வரும். அதாவது ரிமாண்ட் ஆகிச் சிறை வாசலுக்கு வரும்போதே அவர் நடுங்கிக்கொண்டிருப்பார். உதகையில் அதை யாரும் சந்தேகிப்பதில்லை, ‘குளிருது’ என்று ஒரு கம்பளியைக் கொடுத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் அவர் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தும்போது கோவைக்கு வண்டி தேடி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டியிருக்கும்.

வித்தியாசம் பார்க்கச் சொல்லித்தருவது இதுதான்: கம்பளியும் சூடான டீயும் கொடுத்து அரை மணி நேரம் ஆகியும் நடுக்கம் நிற்கவில்லையா, குளிரிலும் வியர்க்கிறதா, நாடி 100-க்கு மேலா, வாந்தி உண்டா? இருந்தால் அன்றே மருத்துவரிடம். தயாமின் (வைட்டமின் பி1) ஊசியை குளுக்கோஸுக்கு முன் போடுவது மருத்துவர் பொறுப்பு. ‘தினமும் குடிப்பவர், கடைசியாகக் குடித்தது இத்தனை மணிக்கு’ என்று அவரிடம் சொல்வது காவலர் பொறுப்பு.

தற்கொலைத் தடுப்பிலும் குளிர் குறுக்கே வரும். சமவெளியில் கைதியிடமிருந்து போர்வையை எடுத்துவிடலாம், மார்கழியில் உதகையில் முடியாது. கிழிக்க முடியாத தடித்த கம்பளி கொடுங்கள். துண்டு, அரைஞாண், லுங்கி ஆகியவற்றை அவரிடமிருந்து வாங்கிவையுங்கள். உயரமான இடத்தைவிடத் தாழ்வான ஜன்னல் கம்பியும் குழாயும்தான் ஏமாற்றும், உட்கார்ந்த நிலையிலேயே உயிர் போகும். ‘தம்பி, செத்துடலாம்னு தோணுதா?’ என்று நேரடியாகவே கேட்கச் சொல்கிறோம். கேட்டால் நினைப்பு வந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளமோ பணியர் மொழியோ பேசுபவருக்கு இன்னொரு கைதியை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். பேசியவர் சொன்னது மாலைக்குள் சிறை முழுக்கப் பரவும்.

அதிகம் கோட்டை விடுவது பாரா (காவல் முறை) மாறும்போது. பகல் காவலருக்குத் தெரிந்தது இரவுக் காவலருக்குப் போவதில்லை. நோட்டில் ‘கவனிக்கவும்’ என்று எழுதிப் பயனில்லை, ‘15 நிமிடத்துக்கு ஒருமுறை, நேரம் மாற்றி மாற்றிப் பார்க்கவும், தனி அறை வேண்டாம்’ என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.