வாக்குப் போட அடையாள அட்டை இருந்தா மட்டும் போதாது

18 வயசு முடிஞ்சா வாக்காளர் இடாப்பில பேர் தானா ஏறாது. பெப்ரவரி 1 நிலவரப்படி அந்த வீட்டில வசிக்கிற, 18 முடிஞ்ச எல்லாரையும் கிராம உத்தியோகத்தர் தாற படிவத்தில எழுதிக் குடுக்கோணும். பேர், அடையாள அட்டை இலக்கம் ரெண்டையும் அட்டையைப் பார்த்தே எழுதுங்க.

நம்ம பக்கம் கூடுதலாத் தவறுறது மாப்பிள்ளைமார்தான். மட்டக்களப்பு, கல்முனையில கலியாணம் முடிச்சா ஆம்பிளதான் பெண்வீட்டுக்குப் போறது. தாய் வீட்டில பேரை வெட்டிருவாங்க, மாமி வீட்டில சேர்க்க மறந்திருவாங்க. ரெண்டு இடத்திலயும் ஆள் இல்ல! திருத்த இடாப்பைப் பார்வைக்கு வைக்கிற நாள்கள்ல பிரதேச செயலகத்தில பாருங்க. பேர் இல்லாட்டி உடனே உரிமைக் கோரிக்கைப் படிவம் (பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேக்கிற படிவம்) குடுங்க.

அம்பாறை ஆக்கள், தேர்தல் மாவட்டம் 'திகாமடுல்ல' எண்டிருந்தா பயப்பட வேணாம். அது உங்கட மாவட்டம்தான்.