ஆட்டம் தொடங்கும் முன்பே 0–1

என் முதல் போட்டியில் எதிராளியின் வாள் என் மேல் படுவதற்கு முன்பே நான் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தேன். அந்தப் புள்ளியை அவர் எடுக்கவும் இல்லை. என் ஃபாயில் வாளின் முனைக்குள் இருக்கும், நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு ஸ்பிரிங் தூக்கிக் கொடுத்தது. மாதங்கள் ஓடிவிட்டன, எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. வாள்வீச்சு பழகுவதாகச் சொன்னதும் எல்லோரும் வயது, வலி, ஆபத்து என்றுதான் கேட்கிறார்கள். ஸ்பிரிங்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

அந்த வழக்கமான கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நான் சேர்ந்தபோது வயது 35. தொடக்க வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பத்து, பதினொன்று. எல்லோருக்கும் நான் 'அங்கிள்'. வலிக்குமா? தொடையில் வலிக்கும், அதுவும் யாரும் குத்தாமலே. முதல் ஆறு வாரம் வாளையே தொடவிடவில்லை. முழங்காலை மடக்கி முன்னே இரண்டு அடி, பின்னே இரண்டு அடி, அவ்வளவுதான். குத்து வாங்க ஆரம்பித்த பிறகு மேல்கையில் வட்ட வட்டமாகக் கன்றிப்போகும், நான்கு நாளில் மறைந்துவிடும். எந்த வாள்? மூன்று வகை உண்டு. ஃபாயிலில் கை, கால், தலை நீங்கலாக உடல் மட்டும் இலக்கு. எப்பேயில் உச்சந்தலை முதல் கால் கட்டைவிரல் வரை எங்கே குத்தினாலும் புள்ளி. சேபரில் இடுப்புக்கு மேலே, குத்தலாம், வெட்டவும் செய்யலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி ஆடியது அதுதான். எங்கள் கோச் எல்லோரையும் ஃபாயிலில்தான் தொடங்க வைப்பார். நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

இனி என் தவறுகள்.

மூன்றாவது மாதம் சொந்தமாக உடுப்பு வாங்க ஆசை வந்தது. கோச்சிடம் கேட்டிருக்கலாம். இணையத்தில் 'முழு செட்' என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆர்டர் செய்துவிட்டேன். உயரம், மார்பளவு எல்லாம் சரியாகக் கொடுத்தேன். நான் இடது கைக்காரன் என்பதைக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. பெட்டியைப் பிரித்தால் எல்லாம் வலது கைக்கு. கிளவ் வலது. ஜாக்கெட் ஜிப் தப்பான பக்கம் (வாள் பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம்தான் திறப்பு இருக்க வேண்டும்). வாளின் பிஸ்டல் கிரிப்பை (துப்பாக்கிப் பிடி மாதிரி வளைந்தது) இடது கையில் பிடித்தால் விரல் போக வேண்டிய இடத்தில் எல்லாம் முட்டு.

அதுகூடப் பரவாயில்லை. ஜாக்கெட்டுக்கு உள்ளே போடும் பிளாஸ்ட்ரான் என்று ஒன்று உண்டு, அரை உடுப்பு மாதிரி. வாள் பிடிக்கும் கைப்பக்கம்தான் எதிராளிக்கு முன்னால் நிற்கும் என்பதால் அந்தப் பக்கத்து அக்குளையும் விலாவையும் மட்டும் மூடும்; அக்குளில் தையல்கூட இருக்காது. வலது கைப் பிளாஸ்ட்ரானை நான் போட்டால் குத்து வராத பக்கம் பத்திரமாக இருக்கும், குத்து வரும் பக்கம் திறந்து கிடக்கும். கோச் ஒரு பார்வை பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டு இன்னிக்கு ஆட வேண்டாம்." அன்று முழுக்க உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். திருப்பி அனுப்பியதில் பிளாஸ்ட்ரானும் கிளவும் மட்டும் மாற்றிக் கிடைத்தன. மற்றதை ஒரு வலது கைக்காரருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கினேன்.

மறுபடி வாங்கியபோதும் தப்பு. ஃபாயிலில் பாடி கார்டை (வாளைப் புள்ளி காட்டும் கருவியோடு இணைக்க உடுப்புக்குள் ஓடும் கம்பி) செருகும் சாக்கெட் இரண்டு வகை: இரண்டு பின் உள்ளது, திருகிப் பூட்டும் பேயோனெட். என் வாளில் ஒன்று, நான் வாங்கிய கார்டில் மற்றது. ஆக, ஆர்டர் செய்யும் முன் எந்தக் கை, எந்த சாக்கெட் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு பிளேடு 5ஆம் எண். சிறுவர்களுக்கு அதைவிடக் குட்டையானவை உண்டு. ஜாக்கெட்டில் எவ்வளவு குத்தைத் தாங்கும் என்று 350 அல்லது 800 நியூட்டன் லேபிள் இருக்கும், லேபிளே இல்லாததைத் தொடாதீர்கள். இன்னொன்று, முதல் ஆறு மாதம் கிளப்பில் இருப்பதையே போட்டு ஆடுங்கள். நாற்றம் அடிக்கும். பழகிவிடும்.

நாற்றம் என்றதும் துரு ஞாபகம் வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து வியர்வை சொட்டும் ஜாக்கெட், லாமே (அதன் மேலே போடும் உலோக இழைச் சட்டை), மாஸ்க், இரண்டு ஃபாயில் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து ஜிப்பை இழுத்துவிட்டேன். அடுத்த வாரம் காய்ச்சல். பத்து நாள் கழித்துத் திறந்தேன். வெள்ளை ஜாக்கெட்டின் முதுகில் பிளேடின் நீளத்துக்கு ஓர் ஆரஞ்சுக் கோடு. இன்றுவரை போகவில்லை. வாளில் கையை மறைக்கும் உலோகக் கிண்ணத்துக்குள்ளே வட்டமாகத் துரு.

துரு பார்க்க அசிங்கம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. ஃபாயிலில் எதிராளியின் முனை என் கிண்ணத்தில் பட்டால் விளக்கு எரியக்கூடாது, கிண்ணம் புள்ளி காட்டும் கருவியின் மின்சுற்றோடு இணைந்திருப்பதால் கருவிக்கு அது தெரியும். துரு பிடித்த இடத்தில் பட்டால் தெரியாது. இலக்குக்கு வெளியே பட்டது என்று வெள்ளை விளக்கு எரியும், ஆட்டம் நிற்கும். உப்புத்தாளும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் கிண்ணத்தையும் பிளேடையும் மீட்டுவிடலாம். அப்புறம் உலர்ந்த துணி, மேலே லேசாக எண்ணெய்.

லாமேவை அப்படி மீட்க முடியவில்லை. வாள்முனை அந்த உலோக இழையில் பட்டால்தான் கலர் விளக்கு. என்னுடையதில் இடது விலாப் பக்கம் உள்ளங்கை அளவுக்குக் கறுத்துப்போயிருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. அடுத்த இரண்டு வாரம் என் விலாவில் குத்தியவர்களுக்கெல்லாம் வெள்ளை விளக்கு. இலக்கில் படவில்லை என்று அர்த்தம். தடுப்பாட்டம் நன்றாக வந்துவிட்டது என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை. ஒருநாள் எதிரே ஆடியவர் நிறுத்தி, வாள்முனையை என் விலாவில் வைத்து அழுத்திக் காட்டினார். வெள்ளை. ஓர் அங்குலம் தள்ளி வைத்தார். கலர். என் தடுப்பாட்டம் அத்தோடு முடிந்தது.

இப்போது பயிற்சி முடிந்ததும் லாமேவை மடிக்காமல் ஹேங்கரில் தொங்கவிடுகிறேன். எப்போதாவது வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு கலந்து, முக்கி எடுத்து அலசி, பிழியாமல் உலர்த்துகிறேன். வாஷிங் மெஷின் கூடவே கூடாது. ஜாக்கெட்டையும் நிக்கர்ஸையும் மெஷினில் 30 டிகிரியில் போடலாம், ஆனால் பிளீச் வேண்டாம், துணியின் வலுவைத் தின்றுவிடும். வெல்க்ரோவை ஒட்டிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் உள்ளே கிடக்கும் எல்லாவற்றையும் பிறாண்டி வைக்கும். மாஸ்க்கின் வலையில் பள்ளம் விழுந்தால் தட்டி நிமிர்த்தாதீர்கள், கோச்சிடம் கொடுங்கள். அதை 12 கிலோ பஞ்ச் கருவியால் அழுத்திப் பார்ப்பார்கள். ஆபத்தா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இங்கேதான் இருக்கிறது. 1980 ஒலிம்பிக்கில் ஃபாயில் தங்கம் வென்ற விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1982இல் ரோமில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் எதிராளியின் உடைந்த பிளேடு மாஸ்க்கைத் துளைத்ததால் இறந்தார். இன்றைய கனமான மாஸ்க்கும் உடுப்பும் அதற்குப் பிறகு இறுக்கப்பட்ட விதிகளின் பலன். அவை நல்ல நிலையில் இருக்கும்வரை பயப்பட ஒன்றும் இல்லை.

பாடி கார்ட் கதை சின்னது. பயிற்சியில் ஒரு பையன் கத்தினான், "அங்கிள், நீங்க கையை நீட்டினாலே வெள்ளை லைட் எரியுது!" நான் வாளைச் சந்தேகப்பட்டு முனையைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். ஒரு மணிநேரம் போனது. கடைசியில் கார்டின் பிளக்கைத் திறந்தால் செம்பு இழைகளில் முக்கால்வாசி பச்சை பூத்து அறுந்திருந்தன. கையை நீட்டும்போது விட்டுப்போகும், மடக்கினால் ஒட்டிக்கொள்ளும். ஃபாயிலின் மின்சுற்று சும்மா இருக்கும்போது மூடியே இருக்கும், முனை அழுந்தினால்தான் திறக்கும். அதனால் அந்தச் சுற்றில் எங்கே கம்பி அறுந்தாலும் குத்தினது மாதிரியே வெள்ளை எரியும். எப்பே இதற்கு நேர்மாறு: அறுந்தால் எதுவுமே எரியாது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஃபாயில் சாக்கெட்டின் இரண்டு முனையிலும் வைத்தால் பீப் வர வேண்டும், முனையை அழுத்தினால் பீப் நிற்க வேண்டும். கார்டில் ஒவ்வொரு கம்பிக்கும் 1 ஓம் தாண்டக்கூடாது. முதலில் கார்டு, அப்புறம் வாள்.

இத்தனையும் கற்றுக்கொண்ட தெம்பில்தான் போட்டிக்குப் போனேன். மீட்டர் இருந்தது, எண்ணெய் இருந்தது, கார்டு இரண்டு. பிளேடின் முனையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குப் புது டேப்கூடச் சுற்றியிருந்தேன். முதல் ஆட்டம். ரெஃபரி என் ஃபாயிலை நிமிர்த்திப் பிடித்து, 500 கிராம் எடையை முனையில் சொருகி, ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். ஸ்பிரிங் அந்த எடையைத் தூக்க வேண்டும், விளக்கு அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினார். அதேதான். மஞ்சள் அட்டை.

பதற்றமில்லாமல் இரண்டாவது வாளைக் கொடுத்தேன். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அளவு ஆடியவை, ஒரே பையில் ஊறியவை. இதுவும் தூக்கவில்லை. இரண்டாவது முறை என்பதால் சிவப்பு அட்டை. சிவப்பு என்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி. நான் இன்னும் மாஸ்க்கைக்கூடப் போடவில்லை.

கிளப் நண்பர்கள் நீட்டிய வாள் எல்லாம் வலது கைப் பிஸ்டல் கிரிப். கோச் மட்டும் தன் பழைய பிரெஞ்ச் கிரிப் ஃபாயிலை எடுத்துவந்தார்; நேரான பிடி, எந்தக் கைக்கும் பொருந்தும். அதை அதற்குமுன் நான் பிடித்ததே இல்லை. 5–1 என்று தோற்றேன். அந்த ஐந்தில் ஒன்று ஸ்பிரிங் கொடுத்தது.

அடுத்த ஆட்டத்துக்கு இருபது நிமிடம். பெஞ்சில் உட்கார்ந்து முனையைக் கழற்றினேன். முனையைப் பிடித்திருப்பவை இரண்டு ஸ்க்ரூ, கடுகைவிடச் சின்னவை. ஒன்று வந்தது. இரண்டாவது ஸ்க்ரூடிரைவரிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. ஸ்க்ரூ இல்லாத முனையோடு ஆட முடியாது. காலையிலேயே தன் ஆட்டங்களை முடித்திருந்த அதே பையன் ஓடிவந்தான். "அங்கிள், அசையாதீங்க!" குப்புறப் படுத்துத் தரையோடு தரையாகக் கண்ணை வைத்துத் தேடினான். அது என் ஷூ அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

முனையின் குழாய்க்குள் வியர்வையும் தூசும் சேர்ந்து மை மாதிரி அடைத்திருந்தது. துடைத்தேன். ஸ்பிரிங்கை இரண்டு விரலால் பிடித்து ஒரு மயிரிழை இழுத்துவிட்டேன். அதிகம் இழுத்தால் முனை கல்லாகிவிடும், குத்து பதியாது. கோச் தன் பையிலிருந்த எடையை வைத்துப் பார்த்தார், தூக்கியது. இதே வேலையை முந்தின இரவு, ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, ஒரு காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். எடை என்னிடம் இல்லை. மீட்டர் வாங்கியவனுக்கு எடை வாங்கத் தோன்றவில்லை.

லீக் சுற்றில் மீதி நான்கில் மூன்று தோல்வி. கடைசி ஆட்டத்தில் 4–4 வரை இழுத்து, என் சொந்த வாளால், எதிராளியின் வயிற்றில் ஒன்று வைத்தேன். கலர் விளக்கு. அப்புறம் நாக்கவுட்டில் 15–6 என்று மரியாதையாக வெளியே வந்தேன்.

இரண்டாவது போட்டிக்கு இரண்டு எடை, மூன்று ஸ்பிரிங், ஒரு சின்ன டப்பா நிறைய ஸ்க்ரூவோடு போனேன். ரெஃபரி எடையை வைத்தார், தூக்கியது, அடுத்த வாளை வைத்தார், அதுவும் தூக்கியது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குக் கோப்பை வாங்கின மாதிரி இருந்தது. ஆடும் மேடையிலிருந்து இறங்கும்போது அறிமுகமே இல்லாத ஒருவர், கையில் வாளும் முகத்தில் வியர்வையுமாக, தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"சார், உங்ககிட்ட அந்த 500 கிராம் வெயிட் இருக்குன்னு சொன்னாங்க..."