ஞானஸ்நானம் பெறாதவர்களைத் தேடி

என் மகனின் மாமனார் ஆங்கிலேயர். ஓய்வுபெற்ற பிறகு அவருக்குப் பிடித்துக்கொண்ட பித்து, வம்சாவளி. எல்லாக் கிளைகளையும் பிடித்துவிட்டார். தாய்வழிக் கிளை ஒன்று மட்டும் 1760களுக்கு முன்னால் அறுந்துபோகிறது. குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த ஒரே தகவல், "நாம் ஒரு காலத்தில் குவேக்கர்கள்" என்பதுதான். குவேக்கர்கள் என்பவர்கள் ஆங்கிலத் திருச்சபையிலிருந்து விலகித் தனிவழி போன ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். மான்செஸ்டரில் மகன் வீட்டில் பொழுது போகாமல் கிடந்த என்னை, "வருகிறீர்களா, சம்பந்தி?" என்று கூப்பிட்டார். கல்யாணத்தன்று கற்றுக்கொண்ட அந்த ஒரு தமிழ்ச் சொல்லை மனிதர் இன்றுவரை விடவில்லை. கிளம்பிவிட்டேன்.

போனது செட்பர்க் என்ற சிற்றூர். இன்று கம்ப்ரியாவில் இருக்கிறது. 1974 வரை யார்க்‌ஷயரோடு இருந்தது. ஊர் ஒரு மாவட்டத்திலும் காகிதம் இன்னொரு மாவட்டத்திலும் கிடக்கும் தொல்லை நமக்கும் புதிதல்ல. ஆனால் சம்பந்தியின் சிக்கல் அதைவிடப் பெரியது. அக்கால இங்கிலாந்தில் ஒருவர் பிறந்ததற்கு ஞானஸ்நானம், மணந்ததற்குக் கோயில் திருமணம், இறந்ததற்குக் கோயில் அடக்கம் என்று மூன்றையும் எழுதிவைத்தது பங்கு ஆலயம், அதாவது அந்தந்தப் பகுதிக்கான ஆங்கிலத் திருச்சபைக் கோயில். குவேக்கர்களோ இந்த மூன்றையும் வேண்டாம் என்றவர்கள். பாதிரியார் வேண்டாம், தண்ணீர் தெளிக்க வேண்டாம், மணி கட்டிய கோபுரமும் வேண்டாம். அப்புறம் அவர்கள் பெயர் பங்குப் பதிவேட்டில் எப்படி இருக்கும்?

இந்தப் பிடிவாதம் வலுப்பெற்ற இடம் ஊருக்கு மேலே இருக்கிறது. ஃபர்பேங்க் மலைமேட்டில் 1652 ஜூன் 13 அன்று, குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் ஒரு பாறைமேல் ஏறிப் பேசினார். செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகிய 27 வயது இளைஞர். கேட்க வந்தவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். இப்போது அங்கே பாறையில் பதித்த ஒரு பலகை, நிறைய ஆடுகள், காதை அறுக்கும் காற்று. நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை.

பிரிக்ஃப்ளாட்ஸ் வேறு மாதிரி. செட்பர்க்கிலிருந்து நடந்தே போகலாம். ராதி ஆற்றங்கரையில் வெள்ளையடித்த கல் வீடு போல நிற்கிறது குவேக்கர் கூடம். கட்டிய ஆண்டு 1675. இவர்கள் கூடி வழிபடச் சட்டம் அனுமதித்தது 1689இல். அதாவது கூடினால் அபராதம், சிறை என்றிருந்த காலத்தில் ஊரறியக் கூடம் கட்டியிருக்கிறார்கள். உள்ளே பீடம் இல்லை, சிலுவை இல்லை. வழவழத்த ஓக் மர பெஞ்சுகள், மாடிப்படி. படிக்கட்டின் அடியில் மரத்தட்டி வைத்து ஒரு சின்ன அடைப்பு. என்னவென்று பார்த்தால், மேய்ப்பர்கள் கூட்டத்துக்கு அழைத்து வந்த நாய்களைக் கட்டிவைக்க! மணிக்கணக்கில் வாய் திறக்காமல் உட்காரும் வழிபாடு அது. நாய்கள் என்ன செய்திருக்கும் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பந்தி முறைத்தார்.

அவருக்கு முன்னோரின் கல்லறையைப் படம் எடுக்க வேண்டும். பின்னால் போய்ப் பார்த்தோம். தாழ்வான, ஒரே அச்சில் வார்த்தது போன்ற கற்கள், எல்லாம் பிற்காலத்தவை. கல் நடுவதே வீண்பெருமை என்று 1717இல் இவர்களுடைய ஆண்டுக் கூட்டம் தடுத்தது. 1850இல்தான் எளிய கல்லுக்கு அனுமதி கிடைத்தது. ஆகவே அவர் தேடியவர்கள் எங்காவது அந்தப் புல்லுக்கடியில் இருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆனால் கல்லில் எழுதாதவர்கள் காகிதத்தில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். பிறப்பு, திருமண, அடக்கப் பதிவேடுகளை 1837க்குப் பிறகு அரசிடம் ஒப்படைத்தார்கள். அவை இப்போது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கட்டண இணையதளங்களிலும் பார்க்கலாம். கொடுப்பதற்கு முன் அகரவரிசையில் சுருக்கப் படி ஒன்றும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அது யூஸ்டன் சாலையில் உள்ள அவர்களுடைய நூலகத்தில் இருக்கிறது. உறுப்பினர் விவகாரங்களை அந்தந்தப் பகுதியில் கூடி முடிவுசெய்த மாதக் கூட்டங்களின் நடவடிக்கைப் புத்தகங்களைப் பார்க்க நாங்கள் கெண்டல் காப்பகத்துக்குப் போனோம்.

பென்சில் மட்டும்தான் அனுமதி. பழைய புத்தகத்தை மெத்தை போன்ற தாங்கியில் கிடத்தி, ஈயமணி கோத்த சரத்தைத் தாளின்மேல் வைக்கச் சொன்னார்கள். முதலில் கண்ணில் பட்டது ஒரு குழப்பம். இணையத்தில் யாரோ தொகுத்த வம்சாவளியில், சம்பந்தியின் குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் 1690 ஜனவரியில் இறக்கிறார். அவருடைய மகன் 1691 ஏப்ரலில் பிறக்கிறான். பதினைந்து மாதம்! அந்த விதவையை நினைத்து நானே கவலைப்பட்டேன். மூலத்தில் இருந்தது "1690, பதினோராம் மாதம்". ஜனவரி, மார்ச் என்பவை அந்நிய தெய்வங்களின் பெயர்கள் என்று குவேக்கர்கள் மாதங்களுக்கு எண் மட்டுமே போட்டார்கள். 1752 வரை அவர்களுக்கு முதல் மாதம் மார்ச். எனவே 1690இன் பதினோராம் மாதம் நம் கணக்கில் 1691 ஜனவரி. தகப்பன் போய் மூன்றாம் மாதம் பிள்ளை பிறந்திருக்கிறது. அந்த அம்மாளின் மானம் காப்பாற்றப்பட்டது.

துன்பப் புத்தகம் என்று தனியாக ஒன்று உண்டு. பாதிரியாருக்குத் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, தர மறுத்ததற்காக யார் வீட்டில் எதை ஜப்தி செய்தார்கள் என்ற பட்டியல். கேட்ட தொகை ஒரு பக்கம், பிடுங்கிய பொருளின் மதிப்பு ஒரு பக்கம்; இரண்டாவதுதான் பெரும்பாலும் பெரியது. சம்பந்தியின் ஆட்கள் ஆடுகளும் ஒரு பித்தளைப் பாத்திரமும் இழந்திருந்தார்கள். திருமணச் சான்றிதழோ நம் மொய் நோட்டு மாதிரி: வந்திருந்த அத்தனை பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள், மணமக்களின் பெயருக்குக் கீழே நெருங்கிய உறவினர். பாட்டி யார், மைத்துனன் யார் என்று அதை வைத்தே பிடித்துவிடலாம்.

அறுந்த முனை கிடைத்தது 1763இல். அந்தக் குடும்பத்துப் பெண், குவேக்கர் அல்லாத வெளி ஆள் ஒருவனைப் பாதிரியார் முன் மணந்துவிட்டாள். 1754 முதல் நடப்புக்கு வந்த சட்டப்படி, குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லாரும் ஆங்கிலத் திருச்சபையில்தான் மணக்க வேண்டும். அவளுக்கு வேறு வழியில்லை. மாதக் கூட்டம் இரண்டு பெண்களைப் பேச அனுப்புகிறது. அடுத்த மாதம், "திருப்தி இல்லை". அதற்கடுத்த மாதம், இன்னொரு முறை போகச் சொல்கிறார்கள். அவள் வருத்தம் தெரிவித்து ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். கொடுக்கவில்லை. தள்ளிவைத்தார்கள். கணவனின் பெயரைப் போட்டு, சுத்தமாக எழுதியிருக்கிறார்கள். பங்குப் பதிவேட்டில் சம்பந்தி பிடித்து வைத்திருந்த முதல் பெயரும் அதுவேதான்! தன் சங்கத்துக்குள்ளேயே மணந்து ஒழுங்காக இருந்திருந்தால் அவளைப் பற்றி இரண்டு வரிதான் மிஞ்சியிருக்கும்.

"பிடிவாதக்காரி," என்றார் சம்பந்தி, பெருமையோடு. குடும்பக் குணம் என்று நான் சொல்லவில்லை.

காப்பகம் மூடும் நேரத்தில் இன்னொரு வரி அகப்பட்டது. தகப்பன் போன மூன்றாம் மாதத்தில் பிறந்த அந்தப் பிள்ளையின் சித்தப்பா, 1690களின் கடைசியில், பென்சில்வேனியாவுக்குப் போக நன்னடத்தைச் சான்று வாங்கியிருக்கிறார். இவர்கள் வழக்கப்படி, போய்ச் சேர்ந்த ஊரின் கூட்டம் அதைப் பெற்றுக்கொண்டதாகப் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பகுதிப் புத்தகங்கள் ஹேவர்ஃபோர்டு, ஸ்வார்த்மோர் கல்லூரிகளில் இருக்கின்றன. திரும்பும் வழியில் மோட்டார் சாலை உணவகத்தில் டீ ஆறிக்கொண்டிருக்க, சம்பந்தி பிலடெல்பியா விமான டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாவிடம் நான்தான் பேச வேண்டுமாம்.