பூங்காவனத்துச் சம்மனசு

எங்கள் ஆச்சி கடைசிவரை ‘வானதூதர்’ என்று சொன்னதில்லை. சம்மனசுதான். படுக்கப் போகும்போது நெற்றியில் சிலுவை வரைந்து, “காவல் சம்மனசு பக்கத்துலயே நிக்கும், பயப்படாம தூங்கு” என்பாள். தவக்காலத்தில் கோயிலில், ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும்போது பூங்காவனத்துக்குச் சம்மனசு வரும் இடம் வந்தால் முந்தானை கண்ணுக்குப் போய்விடும். சிலுவைச் சாவுக்கு முந்தின ராத்திரி இயேசு ஜெபித்த கெத்சமனித் தோட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர், பூங்காவனம். அதனாலேயே எனக்குள் அது வெகுகாலம் ரோஜாவும் அரளியும் பூத்த இடமாக இருந்தது.

2019 தவக்காலத்தில் எங்கள் பங்கிலிருந்து நாற்பது பேர் திருநாட்டுப் பயணம் போனோம். எருசலேமில் ஒலிவ மலையின் அடிவாரம், கெதரோன் பள்ளத்தாக்கை ஒட்டிய சாலை. எதிரே பழைய நகரின் மதில், அதில் கல் வைத்து அடைத்த பொன்வாசல். பஸ் நின்றதும் ஜெபமாலை விற்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள், ஹாரன் சத்தம் ஓயவில்லை. இதற்கு நடுவில் ஒரு சின்ன வாசல். உள்ளே போனால் தோட்டம்.

பூச்செடிகள் உண்டு, ஆனால் அவற்றை யாரும் பார்ப்பதில்லை. கண் ஒலிவ மரங்களில்தான் போய் விழுகிறது. மிகப் பழையவை எட்டு. உயரம் அதிகமில்லை; அடிமரம்தான் மலைக்க வைக்கிறது. ஈரத்துணியைப் பிழிந்து அப்படியே காயவிட்டது போல முறுக்கிக்கொண்டு, உள்ளே பொந்து விழுந்து, ஒரு பிள்ளை ஒளிந்துகொள்ளும் அளவுக்கு இடம். அந்த உளுத்த மரத்திலிருந்து பளிச்சென்று புதுத் தளிர். காற்று அடிக்கும்போது இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி திரும்புகிறது. சுற்றிலும் கம்பிவேலி, கைக்கு எட்டாது. எங்களோடு வந்த ஒரு பெரியம்மா விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். அரை அடி குறைந்தது.

வழிகாட்டி இரண்டாயிரம் வருஷத்து மரம் என்றார். ஊருக்கு வந்து படித்துப் பார்த்தேன். 2012இல் வெளியான ஆய்வின்படி மூன்று மரங்களின் அடிமரம் 1092, 1166, 1198 ஆண்டுகளை ஒட்டியது. மற்ற ஐந்தும் உள்ளே உளுத்துப் போனதால் வயதைக் கணிக்க முடியவில்லை. எட்டுக்கும் மரபணு ஒன்றே. ஒரே தாய்மரத்தின் கிளைகளை வெட்டி நட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் ஏமாற்றம் ஒன்றுமில்லை. ஒரு மரம் சாகும் முன்னால் அதன் கிளையை எடுத்து ஊன்றிய கை யாருடையதோ, அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டேன். கெத்சமனி என்றாலே எண்ணெய்ச் செக்கு என்று அர்த்தமாம். இப்போதும் பிரான்சிஸ்கன் துறவிகள் இந்த மரங்களின் காயைப் பறித்து எண்ணெய் எடுக்கிறார்கள், கொட்டையில் ஜெபமாலை செய்கிறார்கள்.

தோட்டத்தை ஒட்டியே கோயில். 1924இல் கட்டி முடித்தது. பல நாடுகள் பணம் கொடுத்ததால் சகல நாடுகளின் ஆலயம் என்று பேர். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் தெரியவில்லை. ஜன்னல்களில் ஊதா நிறக் கல் பதித்து, எந்நேரமும் ராத்திரியாகவே வைத்திருக்கிறார்கள். பீடத்துக்கு முன்னால் தரையோடு தரையாக ஒரு பாறை, சுற்றிலும் முள்முடி போலச் செய்த இரும்பு வேலி. ஆண்டவர் முகங்குப்புற விழுந்து ஜெபித்த பாறை என்பது நம்பிக்கை. மேலே வளைவில் மொசைக் ஓவியம்: பாறையில் சாய்ந்த கிறிஸ்து, வானத்திலிருந்து இறங்கும் சம்மனசு.

லூக்கா நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தை எங்களோடு வந்த ஃபாதர் வாசித்தார். நூறு தடவை கேட்டதுதான். அன்றைக்குத்தான் வரிசை உறைத்தது. 43ஆம் வசனத்தில் தூதர் தோன்றி அவரை வலுப்படுத்துகிறார். இரத்தத் துளிகளாக வியர்வை விழுவது அடுத்த வசனத்தில். அதாவது சம்மனசு வந்த பிறகுதான் வேதனை முற்றுகிறது!

அந்தப் பயணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது நாள் கிடந்தார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு ராத்திரியும் நான் கேட்டது, சம்மனசை அனுப்பி, ஆண்டவர் பூங்காவனத்தில் கேட்டது போல இந்தத் துன்பக் கிண்ணத்தை எடுத்துவிடு என்றுதான். எடுக்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இந்தப் பயணத்துக்கே வந்திருந்தேன். பூங்காவனத்துச் சம்மனசும் கிண்ணத்தை எடுக்கவில்லை என்பதை எப்படி இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தேன்? குடிப்பதற்குத் தெம்பு கொடுத்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது. ஆச்சி அழுதது இதற்காகத்தானோ என்னவோ.

பஸ்ஸில் ஃபாதர் இன்னொன்றும் சொன்னார்: மிகப் பழைய சில கைப்பிரதிகளில் இந்த இரண்டு வசனமும் கிடையாது. கடவுளின் மகனுக்கே தெம்பு சொல்ல ஆள் வேண்டுமா என்று யாரோ கூச்சப்பட்டு விட்டுவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றியது. இருக்கட்டும். எனக்கு அவை வேண்டும்.

மறுநாள், இயேசுவின் கல்லறை மேல் கட்டிய கல்லறைக் கோயில். கல்லறைக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்ன அறை, அதற்குச் சம்மனசின் சிற்றாலயம் என்று பேர். உயிர்ப்பு நாளில் தூதர் புரட்டிப்போட்டு உட்கார்ந்த கல்லின் துண்டு என்று ஒன்றை நடுவில் பீடம் மாதிரி வைத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, தொட்டு முத்தமிட்டு, குனிந்து உள்ளே போய், முழங்கால் போட்டதும் வெளியிலிருந்து அவசரப்படுத்தினார்கள். ஏதேனில் மனிதனை வெளியே அனுப்பி வாசலில் வாளோடு நின்றது கெருபு என்ற சம்மனசு; இங்கே கல்லைப் புரட்டி வாசலைத் திறந்து வைத்ததும் ஒரு தூதர். அந்த நெரிசலில் இதையெல்லாம் யோசிக்க முடியவில்லை, அப்புறம் ஓட்டல் அறையில்தான் தோன்றியது. அதோடு ஒரு குறையும். கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது என்று யோவான் எழுதியிருக்கிறார். நான் பார்த்ததெல்லாம் கல், மெழுகுவர்த்திப் புகை, எண்ணெய் விளக்கு. ஒரு செடி இல்லை.

2025இல் ஒரு செய்தி வந்தது. அந்தக் கோயிலின் தரையைப் பெயர்த்துப் பழுதுபார்த்தபோது தோண்டிய இத்தாலிய ஆய்வாளர்கள், பழைய கல்குவாரிக்கு நடுவே மண் நிரப்பிப் பயிர்செய்த இடத்தைக் கண்டிருக்கிறார்கள்; ஒலிவத்தின், திராட்சையின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. நாங்கள் வரிசையில் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றோமே, அந்தத் தரைக்கு அடியில். உயிர்த்த இயேசுவை மகதலா மரியா தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டாள் என்கிறார் யோவான். விடியற்காலை, ஒலிவ மரமும் திராட்சைக் கொடியும் உள்ள இடத்தில் ஒருவர் நின்றால் வேறு யார் என்று நினைப்பாள்?