ஆல்ட்டோ பெஞ்சு, ஏப்ரல் 2025

ஏப்ரல் 2, புதன்
தைராய்டு ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. 21, ஈஸ்டருக்கு மறுநாள். அதுவரைக்கும் பாடலாமுங்களான்னு கேட்டேன், தாராளமா பாடுங்கன்னாரு டாக்டர். அப்பறம் பேப்பர்ல படம் போட்டுக் காமிச்சாரு, தைராய்டுக்குப் பின்னாடியே ஒரு நரம்பு போகுது, குரல்நாண அசைக்கறது அதுதானாம், நூலாட்டம் இருக்குமாம். கொஞ்ச நாள் கரகரப்பு வரலாம், பெரும்பாலும் தன்னால சரியாயிரும்னாரு. அந்தப் பெரும்பாலும்ங்கற வார்த்தைதான் கோயமுத்தூர்ல பஸ் ஏறி பெருந்துறை தாண்டியும் காதுக்குள்ளயே ஓடிட்டிருந்துச்சு.

ஏப்ரல் 3
தூக்கமில்ல.

ஏப்ரல் 5, சனி
பெரிய வெள்ளிக்கு சர்ச் பாடகர் குழுவுல ப்ராக்டீஸ். ஒரு எடத்துல எட்டு பீட்டு நீட்டிப் பிடிக்கோணும். ஆல்ட்டோ, அதான் பொம்பளைங்கள்ல கீழ்க்குரல் பாடறவங்க, நாலு பேரும் ஒரே நேரத்துல மூச்செடுக்கப்படாது, ஒருத்தர் விடறப்ப மத்தவங்க பிடிச்சுக்கோணும்னு மாஸ்டர் மறுபடியும் சொன்னாரு. நான் யாருகிட்டயும் சொல்லல.

ஏப்ரல் 8, செவ்வாய்
பைபிள்ல 2 நாளாகமம் 20ம் அதிகாரம் திரும்பத் திரும்பப் படிக்கறேன். மோவாபும் அம்மோனும் படையெடுத்து வருது, யூதா ராசா யோசபாத் பயந்தான்னு மூணாவது வசனத்துலயே இருக்குது, ராசா பயந்தத மறைக்கல. 21வது வசனத்துல பாடறவங்கள படைக்கு முன்னாடி நிறுத்தறாங்க. முன்வரிசைல நின்னவனுக்குத் தொண்டை வறண்டிருக்காதா? மொத வரிய எப்படி எடுத்திருப்பான்? கழுத்துல கை வைக்கக்கூடாதுன்னு இருந்தேன், இன்னிக்கு பத்து தடவையாச்சும் வச்சிருப்பேன்.

ஏப்ரல் 10
அமுச்சி, அம்மாவோட அம்மா, போன்ல. பயமா இருக்குது அமுச்சின்னேன். இருக்கும்ல கண்ணுன்னு சொல்லிட்டு வேற ஒண்ணும் பேசல, வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒண்ண எடுத்துட்டாங்க. கண்ணு சரியாத் தெரியாது, புஸ்தகமும் வேண்டாம், சரணம் ஒண்ணு விடாம வருது. ஸ்பீக்கர்ல போட்டுட்டு நானும் கூடவே பாடுனேன், தோசை தீஞ்சு போச்சு.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
ஓலையத் தூக்கிட்டுப் பசங்க ஈரோடு பிரப் சர்ச் வாசல்ல கத்துன கத்து! 1933ல கட்டி முடிச்ச கோயிலு, எத்தன பேரு பயத்த வச்சுக்கிட்டு இந்தத் தூணுகிட்ட நின்னு பாடியிருப்பாங்க. ஆராதனை முடிஞ்சு ஆல்ட்டோ அக்காகிட்ட சொல்லிட்டேன். அழுதுட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
அந்த எட்டு பீட்டு வந்துச்சு. மூணாவதுலயே எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, சத்தமே வரல, ஆண்டவரே இப்பவேவான்னு நெனச்சேன், ஆனா பாட்டு நிக்கல, பக்கத்துல அக்கா சேத்துப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்க கை என் முதுகுல இருந்துச்சு, அவங்க மூச்சு ஏறி எறங்கறது எனக்குத் தெரிஞ்சுது. ஆறாவதுல நான் திரும்ப உள்ள வந்துட்டேன், அக்கா அப்பத்தான் மூச்செடுத்தாங்க.

ஏப்ரல் 20
உயிர்த்தெழுந்தார்! விடியக்காலை ஆராதனைல முழுசாப் பாடுனேன். பேக் எடுத்து வச்சாச்சு.

ஏப்ரல் 21, காலைல
கம்மல், மூக்குத்தி கழட்டிக் குடுத்தாச்சு. அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காங்க, மூணு பேரும் நம்ம ஆல்ட்டோ வரிய மட்டும் பாடியிருக்காங்க. நாலாவது நான், இங்க கட்டில்ல உக்காந்து மெதுவா சேந்துக்கறேன். பக்கத்துக் கட்டில் அம்மா இன்னொருக்கா போடு சாமிங்கறாங்க